மங்கிய பழைய கார் பெயின்ட்: மலையகக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற பொலிஷ் வழிமுறை

ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலங்கை இலக்கத் தகடோடு இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், வொக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் பெயின்ட் மங்குவதற்கு ஒரே காரணம் கிடையாது. வெளிறித் தெரிகிற மூன்று பொனட்டுகளை எடுத்தால், ஒன்றில் பெயின்ட் வெயிலில் செத்திருக்கும். இன்னொன்றில் ஸ்பிரே அடித்த அன்றே ஈரம் உள்ளே போயிருக்கும். மூன்றாவதில் தார்ப்பாய்க்கு அடியில் மெழுகு மூட்டம் பிடித்திருக்கும். மூன்றுக்கும் ஒரே கம்பவுண்டை, அதாவது மேலடுக்கை வெட்டியெடுக்கும் தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்த்தால் ஒன்று தெளியும், ஒன்று அப்படியே இருக்கும், ஒன்றில் அடிப்பூச்சான பிரைமர் வெளியே வந்துவிடும். அதனால் இங்கே அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறோம். எந்த அறிகுறியானாலும் முதலில் கீழே உள்ள சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் மெஷினை எடுக்க வேண்டும்.

முதலில்: என்ன பெயின்ட், எவ்வளவு மிச்சம்?

டிக்கி மூடியின் உள்விளிம்பு, கதவுத் தூணின் கீழ்ப்பகுதி மாதிரி வெளியே தெரியாத இடமாகப் பாருங்கள். வெள்ளைத் துணியில் துளி பொலிஷ் எடுத்து அங்கே தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது மேலே கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட். நிறம் ஏறாவிட்டால் பிற்காலத்தில் யாரோ கிளியர் கோட்டோடு மறுபடி அடித்திருக்கிறார்கள்.

அடுத்தது தின்னர் சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சியை என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) தின்னரில் தொட்டு அதே மறைவிடத்தில் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் உடனே கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது லாக்கர், பெரும்பாலும் என்.சி. கரையாமல் சற்று நேரத்தில் இளகிச் சுருங்கினால் சிந்தடிக் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் ஹார்ட்னர் (இறுக்கும் திரவம்) கலந்த டூ-கே பெயின்ட். இது தெரியாமல் வேலை தொடங்கக் கூடாது. லாக்கர் சூட்டில் இளகும். டூ-கே தாங்குகிற மெஷின் வேகம் லாக்கரை இழுத்துக் கிழித்துவிடும்.

மூன்றாவது, தடிப்பு. மைக்ரோன் மீட்டர் கிடைத்தால் ஒவ்வொரு தகட்டிலும் ஐந்தாறு இடத்தில் அளந்து, மாஸ்கிங் டேப் துண்டில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். ஆனால் மீட்டர் காட்டுவது பிரைமர், பழைய பெயின்ட், புதுப் பெயின்ட் எல்லாம் சேர்ந்த மொத்தத்தைத்தான். 200 மைக்ரோன் என்று காட்டினாலும் அதில் மேல் நிறம் 30 மைக்ரோனாக இருக்கலாம். 300ஐத் தாண்டி எகிறினால் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். பட்டி தடித்த இடத்தில் அது பிடிக்காது. கிளியர் கோட் உள்ள காரில் மொத்த வேலைக்கும் 5 மைக்ரோனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

நாளும் நேரமும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். சனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி விழும். இந்தக் குளிரில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் பெயின்டில் படியும். அதன் மேல் கம்பவுண்ட் வைத்தால் வெட்டாது, மெழுகு வைத்தால் பிடிக்காது. காலை 10 மணிக்கு முன் தொடங்காதீர்கள். 3 மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பருவத்தைச் சொல்வதானால் தேயிலையே வழிகாட்டும். ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தரமான கொழுந்து வருகிற சனவரி முதல் மார்ச் வரையான உலர் மாதங்களே பொலிஷ் வேலைக்கும் உகந்தவை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் சூலை முதல் செப்டெம்பர் வரை. அப்போது ஊவாவில் காற்று கடுமையாக வீசும், தூசி பறக்கும். ஆகவே கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும்.

அறிகுறி: சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறி, தொட்டால் கையில் நிறம் ஒட்டுகிறது

இது வெயிலின் வேலை. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். மேகமூட்டமான நாளிலும் அது இருக்கும். பெயின்டைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் மேலடுக்கில் சிதைந்து, நிறத்தூள் பிடிமானமில்லாமல் தளர்ந்துவிடுகிறது. பொனட், கூரை, மட்காட்டின் மேல்முகம் ஆகியவை முதலில் போகும். வெள்ளைக் கார் சுண்ணாம்பாக உதிரும். சிவப்பு ரோஸாக வெளுக்கும்.

காப்பாற்ற முடியுமா என்று பார்க்கத் தண்ணீர் போதும். வெளிறிய இடத்தை நனையுங்கள். நனைந்திருக்கும்போது பழைய நிறம் ஆழமாகத் தெரிந்தால் அடியில் நல்ல பெயின்ட் இருக்கிறது. நனைத்தும் திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறமோ செங்காவி நிறமோ தெரிந்தால் அது பிரைமர். அங்கே பொலிஷுக்கு வேலையில்லை.

இந்த நிலையில் நேரே கட்டிங் கம்பவுண்ட் போடுவதுதான் பொதுவான தவறு. காய்ந்து துவாரம் விழுந்த மேலடுக்கு கம்பவுண்டின் எண்ணெயை உடனே உறிஞ்சிவிடும். பிறகு உலர்ந்த தூளால் தேய்ப்பதாகி, தேவைக்கு மேல் பெயின்ட் போய்விடும். முதலில் எண்ணெய் ஊட்ட வேண்டும். மெழுகும் சிராய்ப்புத் தூளும் இல்லாத கிளேஸ் வகை இதற்கு ஏற்றது. ஒற்றை அடுக்குப் பெயின்ட்டுக்கு மெகுயர்ஸ் நம்பர் 7 நீண்ட காலமாகப் பயன்படுகிறது.

1. ஒரு வாளி சோப்பு நீர், ஒரு வாளி வெறும் நீர் வைத்து, நிழலில் கழுவுங்கள். பழைய மெழுகை எடுக்க இந்த ஒரு தடவை மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் போடலாம், 10 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். இடுக்குகளில் தங்கும் தண்ணீரை ஊதி எடுங்கள்.
2. கிளே பாரை (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) சோப்பு நீர் நிறைய விட்டு, அழுத்தாமல் ஓட்டுங்கள். பெயின்ட் மிகவும் உலர்ந்திருந்தால் கிளே இழுபடும். அப்படியானால் இதை எண்ணெய் ஊட்டிய பிறகு செய்யுங்கள்.
3. தடித்த பருத்தித் துவாய்த் துணியில் கிளேஸைத் தாராளமாக எடுத்து ஒவ்வொரு தகடாகப் பூசித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறும். செத்த மேலடுக்குதான் கழன்று வருகிறது, பயப்பட வேண்டாம். துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாறுங்கள்.
4. ஈரமாகத் தெரியும் அளவு மறுபடி பூசி, கராஜுக்குள் ஓர் இரவு, குறைந்தது 12 மணி நேரம் விடுங்கள். காலையில் துடைத்தால் உறிஞ்சிய இடமும் உறிஞ்சாத இடமும் வேறாகத் தெரியும். உறிஞ்சிய இடத்துக்கு இன்னொரு தரம்.
5. அதன் பிறகு மிருதுவான ஸ்பொஞ்ச் பேட், மென்மையான பொலிஷ். 45 சென்ரிமீற்றர் சதுரத்துக்குப் பட்டாணி அளவில் 4 துளி. டி.ஏ. மெஷின் (சுழன்றுகொண்டே அசையும் பொலிஷ் மெஷின்) வேகம் 4. ஒரு கோட்டின் பாதி மேல் அடுத்த கோடு விழ, குறுக்கும் நெடுக்குமாக 4 தரம் மெதுவாக ஓட்டுங்கள். பேட்டில் நிறம் சீக்கிரம் அடைக்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பிரஷ் போடுங்கள். ஒரு முழுக் காருக்கு 6 முதல் 8 பேட் வேண்டும்.

கிளேஸ் செத்த பிசினை உயிர்ப்பிக்காது. உலர்ந்த துவாரங்களை நிரப்பி, அடுத்து வரும் பொலிஷ் இழுபடாமல் ஓட வழி செய்கிறது. அதனால் அன்றே மெழுகு பூசி மூடாவிட்டால் சில வாரங்களில் பழைய வெளிறல் திரும்பும்.

கிளேஸுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது 24 பாகையளவில் உறையும். நுவரெலியாவில் அது பெயின்டுக்குள் போகாமல் கொழுப்பாக மேலே உட்கார்ந்து தூசி பிடிக்கும். பழைய என்ஜின் ஒயில் வெடிப்புகளுக்குள் இறங்கினால் பிறகு அங்கே எந்தப் பெயின்டும் ஒட்டாது.

அறிகுறி: கையில் நிறம் ஒட்டவில்லை, ஆனால் பால் கலந்ததுபோல் மூட்டம், கம்பவுண்டால் தேய்த்தும் போகவில்லை

அண்மையில் டச்-அப் செய்த மட்காட்டிலோ கதவிலோ மட்டும் இப்படி இருந்தால் அது ஈரம் புகுந்த லாக்கர். ஸ்பிரே அடித்த என்.சி. பெயின்டில் தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகட்டைக் குளிர வைக்கும். காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிரில் நீராகிப் படலத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில், கதவு திறந்த கராஜில் அடித்த வேலைகளில் இது அடிக்கடி வரும். மலைநாட்டில் இதை வெளுத்துப்போன பெயின்ட் என்று தவறாக எடுத்துக்கொள்வதுண்டு.

உலர்ந்த வெயில் நாளில் தகட்டை இளஞ்சூடாக வெளியே விடுங்கள். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் மேலோட்டமான மூட்டம் தானே குறையும். பிறகு ஒரு சாண் சதுரத்தில் மட்டும் நடுத்தரக் கம்பவுண்டால் இரண்டு சுற்றுத் தேய்த்துப் பாருங்கள். தெளிந்தால் தொடருங்கள். தெளியாவிட்டால் மூட்டம் படலத்தின் ஆழத்தில் இருக்கிறது. தொடர்ந்து வெட்டினால் பெயின்டும் மூட்டமும் ஒன்றாகத்தான் தீரும். அங்கே செய்ய வேண்டியது, மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரை உலர்ந்த நாளில் பனிபோல் மெல்லியதாக ஸ்பிரே அடிப்பது. மேலடுக்கு இளகித் திறந்து ஈரம் வெளியேறும். இது அனுபவமுள்ள பெயின்ட் பாஸ் கையால் நடக்க வேண்டிய வேலை. லாக்கருக்கு மட்டுமே பொருந்தும். எனாமல் மேல் அடித்தால் சுருங்கிவிடும்.

அறிகுறி: கம்பவுண்ட் வெட்டாமல் பசைபோல் இழுபடுகிறது, உருண்டை கட்டுகிறது

குளிர், ஈரம், அளவு கூடியது. இந்த மூன்றில் ஒன்று. 15 பாகைக்குக் கீழே கம்பவுண்ட் தடித்துப்போய்ச் சரியாகப் பரவாது. போத்தலை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வையுங்கள், தகட்டை உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள், துளியைப் பாதியாகக் குறையுங்கள். அதன் பிறகும் உருண்டை கட்டினால் பேட் அடைத்திருக்கிறது, மாற்றுங்கள்.

இவற்றோடு தகடு சூடேறி, பெயின்டும் மெத்தென்று இழுபட்டால் அது வேறு விஷயம்: லாக்கர் இளகத் தொடங்கிவிட்டது. உடனே நிறுத்தி முழுதாக ஆறவிடுங்கள். லாக்கருக்கு ரோட்டரி மெஷினை (ஒரே அச்சில் சுழலும் வகை) நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் போகவிடாதீர்கள். தகடு இளஞ்சூட்டைத் தாண்டக் கூடாது.

அறிகுறி: வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை, அல்லது மெஷின் போன திசையில் அலையலையாக நிழல்

சிலந்தி வலைபோன்ற வட்டக் கீறல்கள் அழுக்குத் துணியாலும், உலர்ந்த தூசியைத் துடைப்பதாலும் வருபவை. கறுப்பு, கரும்பச்சைக் கார்களில் அதிகம் தெரியும். நடுத்தரப் பொலிஷும் டி.ஏ. மெஷினும் போதும். அலை நிழல் ரோட்டரியில் கம்பளி பேட் போட்டு அப்படியே முடித்ததன் அடையாளம். டி.ஏ. மெஷினில் மிருதுவான பேட், மென்மையான பொலிஷ் போட்டு, மெஷினின் பாரத்தைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

நகம் மாட்டுகிற கீறலைப் பொலிஷால் எடுக்க நினைக்காதீர்கள். நகம் மாட்டாத, ஆனால் பொலிஷுக்கும் அடங்காத கீறலுக்கு மட்டும் வோட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). 2000 நம்பர் பேப்பரைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ரப்பர் பிளொக்கில் சுற்றி, சில துளி ஷாம்பு கலந்த நீரோடு நேர்கோட்டில் 10 இழுப்பு. துடைத்துப் பாருங்கள். போதுமென்றால் 2500, பிறகு 3000, ஒவ்வொன்றையும் முந்தியதற்குக் குறுக்காக. பொனட்டின் நடுக்கோடு, மட்காட்டின் உச்சி வளைவு, கதவு விளிம்பு ஆகியவற்றில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே ஒரு சென்ரிமீற்றருக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையால் மட்டும் தொடுங்கள்.

பழைய பெயின்ட்டுகளில், குறிப்பாக மஞ்சள், கிரீம், சில பச்சை நிறங்களிலும் செங்காவிப் பிரைமரிலும், ஈயம் இருக்கக்கூடும். உலர வைத்துத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் போடுங்கள். லயத்து வாசலில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், கீரைப் பாத்திக்கு மேல் இந்த வேலை வேண்டாம். தேய்த்த நீரைக் கானில் விட்டால் கீழே யாரோ குடிக்கும் பீலித் தண்ணீரில்தான் போய்ச் சேரும். அடியில் விரிப்புப் போட்டு வாளியில் பிடித்து, மண்டியை உலரவைத்து உறையில் கட்டி ஒதுக்குங்கள்.

அறிகுறி: பொட்டுப்பொட்டாகக் கறை

சாம்பல் வெள்ளைப் பொடி, தேயிலை மலைக்கு டொலமைட் (மண்ணுக்குப் போடும் சுண்ணக்கல் தூள்) போட்ட காலத்தில்: பெயின்டைவிடக் கடினமான தூள். துடைத்தால் கீறும். அழுத்தமில்லாத நீரால் நிறையக் கழுவுங்கள். நனைந்து காய்ந்து வளையம் பிடித்திருந்தால் வெள்ளை வினாகிரியும் நீரும் சம அளவு கலந்து, ஒரு நிமிடம் வைத்து அலசுங்கள். குரோம் பம்பரில் படவிடாதீர்கள்.

செம்மஞ்சள் புள்ளி, தொட்டால் சொரசொரப்பு: ரயில் பாதையோரத்திலும் வெல்டிங் நடக்கும் இடத்திலும் நிறுத்திய கார்களில் ஒட்டும் இரும்புத் துகள். அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதாவாக மாறி இறங்கும், பிறகு கிளே. பெயின்ட் உரிந்து தகரம் தெரியும் இடத்தில் அடிக்காதீர்கள்.

மரப் பிசின்: துணியில் சிறிது மினரல் டர்பன்டைன், அரை நிமிடம் வைத்து ஒற்றி எடுங்கள். லாக்கராக இருந்தால் தின்னர், ஸ்பிரிட் இரண்டும் கூடாது.

பறவை எச்சம் பொசுக்கிய பள்ளம்: விளிம்பு மழுங்கினால் போதும் என்று நிறுத்துங்கள். பள்ளத்தின் அடிவரை வெட்டினால் சுற்றிலும் பெயின்ட் மிஞ்சாது.

அறிகுறி: பேட்டில் வேறு நிறம் வருகிறது

உதாரணமாகப் பச்சைக் காரில், இதுவரை பச்சை வந்த பேட்டில் சாம்பலோ செங்காவியோ கலந்தால், அந்த விநாடியே மெஷினைத் தூக்குங்கள். பிரைமரைத் தொட்டுவிட்டீர்கள். சில வேளை அடியில் வேறொரு பழைய நிறம் வரும். காரின் முதல் நிறம் அதுவாக இருக்கலாம், அதைக் குறித்து வையுங்கள். தேய்ந்த இடத்தை மினரல் டர்பன்டைனால் துடைத்து எண்ணெய் நீக்கி, நிறம் பொருந்திய பெயின்டை மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று பூச்சாக வையுங்கள், பூச்சுகளுக்கிடையே ஒரு நாள். சிலிக்கோன் கலந்த பொலிஷ் முன்பு போட்டிருந்தால் புதுப் பெயின்ட் மீன்கண்போல் வட்ட வட்டமாக விலகும். அதற்கென்றுள்ள கிரீஸ் ரிமூவரால் மறுபடி துடைக்க வேண்டும்.

கிளியர் இல்லாத மெட்டாலிக் நிறத்தில் பேட் சாம்பலாவது அலுமினியத் துகள் கழன்று வருவதாலும் ஆகலாம். அங்கே தொடர்ந்தால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். கையால் கிளேஸும் மெழுகும் போதும்.

அறிகுறி: வெடிப்புக் கோடுகள், கொப்புளங்கள்

இவை இரண்டும் பொலிஷுக்கு அடங்காதவை. லாக்கரைத் தடிப்பாக, அடுக்குக்கு மேல் அடுக்காக அடித்த காரில், பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி இழுத்து வெடிப்பு வரும். அது படலத்தின் முழு ஆழத்துக்கும் போகும். கம்பவுண்ட் வைத்தால் வெள்ளைப் பொடி கோடுகளுக்குள் அடைந்து முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். அடைத்துவிட்டால் மிருதுவான பல் துலக்கும் பிரஷும் சோப்பு நீரும் கொண்டு மெதுவாக எடுங்கள். கொப்புளத்தை மெஷின் தொட்டால் தொப்பி பறந்து துரு வெளியே வரும். அந்தத் தகட்டைத் தனியே விட்டு, மற்றவற்றைச் செய்யுங்கள்.

அறிகுறி: பளபளப்பு வந்தது, ஒரு மாதத்தில் போய்விட்டது

முதல் சந்தேகம், கீறல் போகவேயில்லை என்பது. கம்பவுண்டின் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சோப்பு நீரால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

இரண்டாவது, புதுப் பெயின்டை அவசரப்பட்டுப் பொலிஷ் செய்தது. இங்கே குளிரில் தின்னர் மெதுவாகத்தான் வெளியேறும். வெளியேறும்போது படலம் அமுங்கி மினுக்கம் இறங்கும். கொழும்பில் ஒரு வாரம் விடுகிற லாக்கரை நுவரெலியாவில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். சிந்தடிக் எனாமலுக்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, கழுவிய பின் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது. அன்றைக்கு மினுங்கும்; மெழுகைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

அறிகுறி: மெழுகு காயாமல் மூட்டமாக நிற்கிறது, அல்லது மூடிவைத்த கார் வெளுத்திருக்கிறது

ஈரக் காற்றில் கார்னோபா மெழுகு உலர நேரம் எடுக்கும். தடிப்பாகப் பூசினால் உலரவே உலராது. ஒரு தகட்டுக்குச் சுண்டுவிரல் நுனியளவு மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பரப்புங்கள். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுத்தமாகத் துடைபட்டால் தயார், இழுகினால் இன்னும் பொறுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டாவது பூச்சு. வெளியில் நிற்கும் காருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மழைப் பருவம் தொடங்குமுன் கட்டாயம் ஒருமுறை.

தார்ப்பாயை நேரே பெயின்ட் மேல் போட்டு மாதக் கணக்கில் விட்டால், அடியில் வியர்த்த நீர் போக வழியில்லாமல் மெழுகை வெளுக்கச் செய்யும், பிறகு கொப்புளத்தைக் கிளப்பும். வெளுப்பு மட்டும் என்றால் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் திறந்துவிட்டு, பழைய மெழுகைக் கழுவி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள், கம்பவுண்ட் தேவைப்படாது. மீண்டும் மூடும்போது குழாய்ச் சட்டமோ மூங்கில் சட்டமோ கட்டி, தார்ப்பாய்க்கும் கூரைக்கும் இடையே ஓரடி இடைவெளி விடுங்கள், இரண்டு முனையும் காற்றோடத் திறந்திருக்கட்டும். ஈரத்தோடு வந்த காரை அன்றிரவு மூட வேண்டாம்.